புள்ளி வைத்த திருடர்கள்

எங்கள் பி.காம் வகுப்பில் நாலைந்து பேர் பார்ட் டைம் சம்பளத்தில் பிட்காயின் வாங்குகிறார்கள். வாங்கலாமா கூடாதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எந்தத் தளத்தில் பாஸ்வேர்டைத் தட்டுகிறார்கள் என்பதுதான் என் கவலை. "அட்ரஸைப் பார்த்துட்டுத்தான்டா போடுறேன்" என்கிறான் நண்பன்.

பார்த்தால் போதுமா? 2018 தொடக்கத்தில் பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சின் பெயரில் ஒரு போலித் தளம் வந்தது. முகவரியில் உள்ள இரண்டு 'என்' எழுத்துக்கும் அடியில் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். (நம் 'ண்' எழுத்தை ஆங்கில லிபியில் எழுத அறிஞர்கள் பயன்படுத்துவதும் அதே எழுத்துதான். நமக்குப் புள்ளி தலையில், அதற்குக் காலில்!) திரையில் தூசி என்று நினைத்திருப்பார்கள், பாவம். அப்படிச் சேர்த்த கணக்குகளை வைத்து மார்ச் 7 அன்று வயாகாயினை வாங்கிக் குவித்து விலையை ஏற்றினார்கள். எக்ஸ்சேஞ்ச் உடனே பணம் எடுப்பதை நிறுத்தியதால்தான் திருடர்களால் கொண்டுபோக முடியவில்லை.

பூட்டுப் படமா? அது போலிக்கும் கிடைக்கும்.

ஆடிட்டிங்கில் வங்கி இருப்பைச் சரிபார்க்க, கம்பெனி நீட்டும் காகிதத்தோடு நிற்காமல் வங்கிக்கே எழுதிக் கேட்கிறோம் இல்லையா? இங்கேயும் அதேதான். மெயிலில் வந்த லிங்க், தேடலில் மேலே வரும் விளம்பரம் இரண்டையும் தொடாதீர்கள். கணக்கு திறந்த அன்றே சரியான முகவரியைப் புக்மார்க் செய்து, பாஸ்வேர்டு மேனேஜரில் சேமித்துவிடுங்கள். அது புள்ளியைத் தூசி என்று நினைக்காது. தானாக நிரப்பவில்லை என்றால் ஏதோ சரியில்லை, கையால் அடிக்காதே என்று நண்பனிடம் சொன்னேன்.

"அப்போ காப்பி பேஸ்ட் பண்ணலாமா?" என்கிறான் :(