ஆயிரத்துக்கு அடியுங்கோ

2024ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள், தருமபுரத்திலிருந்து உள்ளே செல்லும் கிரவல் வீதியிலுள்ள ஒரு வீட்டிற்குப் போயிருந்தேன். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் சமூகப் பணியாளராகக் கடமையாற்றுபவள். 2021இல் வாழ்வாதார உதவியாக ஸ்கூட்டர் பெற்றுக்கொண்ட பெண்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுதுவதே அன்றைய வேலை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபடியால் நாங்கள் கொடுத்தவை எல்லாம் பாவித்த ஸ்கூட்டர்கள்தான்.

அந்த வீட்டு அக்கா அதிகாலையில் இடியப்பமும் வடையும் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். 2009இல் கணவர் காணாமல் போனபின் இரண்டு பிள்ளைகளையும் அந்த அடுப்பை வைத்தே படிப்பித்தவர். ஸ்கூட்டர் மாமரத்தின் கீழ் தறப்பாளால் மூடியபடி நின்றது. இருக்கையில் கோழி எச்சம்.

"ஏனக்கா, பழுதே?"

"பழுதில்லைத் தங்கச்சி. பெற்றோல் இல்லை. தம்பி வெள்ளிக்கிழமைதான் கொண்டுபோய் அடிச்சுக்கொண்டு வருவான்."

தம்பி என்பது கணவரின் தம்பி. வெள்ளி மாலை ஸ்கூட்டரையும் ஆயிரம் ரூபாவையும் வாங்கிக்கொண்டு போவார். ஞாயிறு கொண்டுவந்து விடுவார். திங்கள், செவ்வாய் ஓடினால் புதன்கிழமை முள்ளு சிவப்பில் நிற்கும். பிறகு பழையபடி சைக்கிள், அல்லது கடைக்காரர் வந்து எடுத்தால் அவர் சொன்ன விலை.

"நீங்களே போய் அடிக்கலாமே?" என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது பொம்பிளையள் போய் நிக்கிற இடமே? நான் ஒருநாளும் உள்ளுக்குப் போகேல்ல."

அறிக்கைப் படிவத்தில் அதை எழுத ஓர் இடம் இருக்கவில்லை. வண்டி ஓடப் பழக்கினோம். சாரதி அனுமதிப்பத்திரத்திற்கான எழுத்துப் பரீட்சைக்கு வகுப்பு வைத்தோம். தலைக்கவசமும் கொடுத்தோம். பெற்றோல் செட் மட்டும் எங்கள் பயிற்சித் திட்டத்தில் எந்த வரியிலும் இல்லை. அந்தத் திட்டத்தை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. சமூகவியல் படித்தபோது வளங்களைப் பெறுதல், வளங்களைக் கட்டுப்படுத்தல் என்று இரண்டையும் பிரித்துப் பிரித்துப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு அதன் மூடியை யார் திறக்கிறார்கள் என்று பார்க்காமல் விட்டதை என்னவென்று சொல்வது?

பெற்றோலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வருவது அரிது. அப்பாவின் எம்.டி. 90 மண்ணெண்ணெயில்தான் ஓடியது. மண்ணெண்ணெய் பெற்றோல் போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் பற்றாது. அதனால் முதலில் சில துளி பெற்றோலைக் காபிரேற்றருக்குள் விட்டு உதைத்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். பிளக் கரி பிடித்து வழியில் நிற்கும். அந்தச் சில துளிப் பெற்றோல் ஒரு மருந்துப் போத்தலில் அடுப்படிக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அதை வைத்திருந்தவர் அம்மா. மூடியால் அளந்துதான் கொடுப்பார். "இண்டைக்கு ஒரு தரந்தான், அடுத்த உதை உங்கட காலுக்கு" என்பார். தெருவோரக் கடைகளில் போத்தலில் பெற்றோல் விற்றவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். அக்காலத்து வன்னியில் பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓடுவதும் ஒரு புதினமல்ல. இன்று வெளிச்சமான கூரையும் மீற்றரும் உள்ள இடத்திற்குள் நுழைய நாங்கள் தயங்குகிறோம் என்பதை அம்மாவுக்குச் சொன்னால் நம்பமாட்டார்.

ஆனால் தயக்கத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. மோட்டார் சைக்கிளுக்குத் தாங்கி முன்னால், முழங்கால்களுக்கிடையில் இருக்கிறது. ஆண்கள் இருந்தபடியே மூடியைத் திறந்து, அடித்து, போய்விடுகிறார்கள் (அதுவும் பிழைதான், இறங்கித்தான் அடிக்க வேண்டும்). நாங்கள் ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாங்கியின் மூடி இருக்கைக்குக் கீழே. இறங்கி, திறப்புப் போட்டு, இருக்கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் பெட்டிக்குள் கிடப்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் முதன்முதலாக ஒரு செட்டில் இருக்கையைத் தூக்கியபோது மேலே கிடந்தது மாதவிடாய்த் துவாய்ப் பைக்கற். பம்படியில் நின்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மிச்சக் காசு வாங்காமலே ஓடிவந்துவிட்டேன். அதன்பின் ஒரு வருடத்திற்கு மேல் என் அண்ணாதான் அடித்துத் தந்தார். தருமபுரத்து அக்காவுக்கு நான் புத்தி சொல்லத் தகுதியானவள்தானா என்று அன்று திரும்பி வரும்போது யோசித்தேன்.

2022ஐ நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2021 முடிவில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஆனியில் 470 ஆனது. அதுவும் காசு இருந்தால் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. சித்திரையில் கானுக்கும் போத்தலுக்கும் அடிக்கக் கூடாதென்று அறிவித்தார்கள். அதுவரை பக்கத்து வீட்டுப் பையனிடம் போத்தல் கொடுத்துவிட்டுச் சமாளித்த பெண்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. நான் பரந்தன் பக்கத்தில் ஒரு வரிசையில் இரவு முழுவதும் நின்றிருக்கிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் மோட்டார் சைக்கிள்கள். மலசலகூடம் இல்லை. நின்ற பெண்கள் நாங்கள் நால்வரும் தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். முன்னால் நின்ற ஒரு பெரியவர் எங்கள் வண்டிகளைத் தான் உருட்டுவதாகச் சொல்லி எங்களை ஒரு வீட்டுக்கு அனுப்பி வைத்தார். பின்னால் நின்ற ஒருவர், "உவையளுக்கு என்ன அவசரம், வீட்டில இருக்கலாந்தானே" என்றார். இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

ஆடியில் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வாகனத்தின் சேசிஸ் இலக்கம் கேட்டார்கள். புத்தகம் தொலைந்தவர்கள் வண்டியின் இரும்பில் ஊத்தையைச் சுரண்டி இலக்கம் தேடியதைப் பார்த்தேன். தருமபுரத்து அக்காவின் கியூஆரைக் கணவரின் தம்பிதான் பதிந்தார். அச்சடித்துத் தன் காசுப் பைக்குள் வைத்துக்கொண்டார். உதவிதான் செய்தார், அதை மறுக்கவில்லை. அந்த நாட்களில் வரிசையில் காய்ந்தவரும் அவர்தான். 2023 புரட்டாதியில் கியூஆர் முறை நிறுத்தப்பட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை வழக்கம் நிற்கவில்லை.

சரி, ஒருநாள் போவோம் என்றேன். அக்காவும், அதே கிராமத்தில் ஸ்கூட்டர் பெற்ற இன்னும் இருவரும் வந்தார்கள். காலையில் கந்தோருக்குப் போகும் கூட்டம் கலைந்த பிறகு, பத்து மணிக்கு. முதல்நாளே வீட்டில் வைத்து இருக்கையைத் திறந்து மூடிப் பழகச் சொல்லியிருந்தேன். பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் ஒரு துணிப் பைக்குள் போட்டுக் கட்டி வையுங்கள் என்றும் சொல்லியிருந்தேன். இது சின்ன விடயம். ஆனால் எனக்கு ஒரு வருடத்தைத் தின்ற விடயம்.

உள்ளே போனதும் டீசல் பம்ப் எது, பெற்றோல் பம்ப் எது, 92 எது, 95 எது என்று எழுத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, பிள்ளை பின்னால் இருந்தால் பிள்ளையையும் இறக்கி, நடு ஸ்ராண்டில் நிறுத்த வேண்டும். சாய்ந்து நிற்கும் வண்டியில் அளவும் பிழைக்கும், வழியவும் செய்யும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போய்விடாது, காலடியில்தான் பரவும். சூடான புகைக் குழாயில் சிந்தினால் ஆபத்து. அதனால்தான் அவசரப்படக் கூடாது என்கிறேன்.

எங்கள் முறை வந்தது. பம்படியில் நின்ற இளைஞர் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "எவ்வளவுக்கு மிஸ்?" என்றார். நான் பேசாமல் நின்றேன். அக்கா திறப்பைப் பிழையான பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார். அக்காவின் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. உதவப் போன கையை நான் இழுத்துக்கொண்டேன். இருக்கை திறந்தது.

"92, ஆயிரத்துக்கு அடியுங்கோ தம்பி."

இளைஞர் குழாயை எடுத்தார். அக்கா பம்பின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொறுங்கோ, உதில இன்னும் முந்நூறு நிக்குது." முன்னால் போனவரின் கணக்கு அழிபடவில்லை. இளைஞர் ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை; கதைத்துக்கொண்டு மறந்திருந்தார். மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து அடித்தார். மூடியை இறுக்கி, காசு கொடுத்து, வண்டியைப் பம்பிலிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அக்கா ஸ்ராட் செய்தார்.

முள்ளு பாதியைத் தாண்டி நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஆயிரத்துக்கு இவ்வளவு வருமே?"

அன்றைய விலைக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் லீற்றர். அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மற்ற இருவரும் தங்கள் வண்டிகளுக்குத் தாங்களே அடித்தார்கள். ஒருவர் முட்ட அடிக்கச் சொன்னார். வெயிலுக்குப் பெற்றோல் விரியும், வாய் வரை நிரப்பாதீர்கள் என்று நான் தடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கணவரின் தம்பி வந்திருக்கிறார். பெற்றோல் இருக்கிறது என்று அக்கா சொல்லியிருக்கிறார். இரண்டு கிழமை அவர் கதைக்கவில்லையாம். பிறகு தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஸ்கூட்டர் கேட்டு வந்தாராம். "குடுத்தனான். குடுக்காமல் விடேலுமே? ஆனா முள்ளைப் பாத்துப்போட்டுத்தான் குடுத்தனான்" என்றார் அக்கா.

எங்கள் அடுத்த பயிற்சித் திட்டத்தில் இதற்கென அரை நாள் சேர்த்தேன். "பெற்றோல் அடிக்கவும் ஒரு பயிற்சியோ?" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அரை நாள் மட்டும் வெட்டுப்படாமல் தப்பியது. இப்போது தருமபுரத்து அக்காதான் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். போன மாதம் ஒருநாள் எனக்கு அழைப்பு எடுத்து, "தங்கச்சி, ஐஞ்சு பேரோட செட்டில நிக்கிறன்" என்றார். பெற்றோல் செட்டுக்குள் நின்று போன் கதைக்கக் கூடாது என்று நான் ஏசத் தொடங்கினேன்.

"உள்ளுக்கில்லை, றோட்டுக் கரையிலதான் நிக்கிறன். உனக்குத்தான் அவசரம்" என்றார்.