ஆறரை அங்குலம்

அப்பாவுக்குப் பாட்டு கேட்கிற காது கிடையாது. ரேடியோவில் எந்தப் பாட்டு ஓடினாலும் அடுத்து செய்தி எப்போது என்றுதான் காத்திருப்பார். நாகர்கோவிலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். காலை ஆறு மணி பேட்ச் தொடங்கி இரவு எட்டு வரை ரெமிங்டன் மிஷின்களின் இரைச்சல்தான் அவர் உலகம். ஏழு வயதில் என்னைப் பியானோ வகுப்பில் சேர்த்தபோது அவருக்கிருந்த ஒரே தைரியம், இதுவும் விரல் வேலைதானே என்பது.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். முன்னறைச் சுவரோரம் பழைய இங்கிலாந்துப் பியானோ பீரோ மாதிரி நிற்கும். 88 கட்டைகள், உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள். ஆடிச் சாரலும் பெய்து ஐப்பசி மழையும் பெய்கிற ஊரில் கம்பி துருவேறாமலும், சுத்தியலில் ஒட்டிய கம்பளியைப் பூச்சி அரிக்காமலும் காப்பாற்றுவது பெரும்பாடு. ஈரம் தங்காமலிருக்க, கீழ்ப்பலகைக்குப் பின்னால் 40 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டிருப்பார். என்னைச் சேர்த்த அன்று வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் பேசியதெல்லாம் அந்த பல்பைப் பற்றித்தான். மழைக்காலத்தில் நம் மிஷின்களுக்கும் ஒன்று போட்டால் என்ன என்று.

பியானோ வாங்குகிற வசதி எங்களுக்கு எங்கே? அடுத்த வகுப்புக்கு அப்பா சட்டைப்பையில் இஞ்ச் டேப்போடு வந்தார். டீச்சரிடம் கேட்டுக்கொண்டு அளந்தார். ஒரு ஆக்டேவின் வெள்ளைக் கட்டை ஏழும் சேர்ந்து ஆறரை அங்குலம். பழைய காலண்டர் அட்டைகளை ஒட்டி, 26 அங்குல நீளத்தில் நாலு ஆக்டேவ் வரைந்தார். கருப்புக் கட்டை உயரமாக இருக்கவேண்டுமென்று தனியாக அட்டை வெட்டி, மை பூசி, மேலே ஒட்டினார்.

சத்தமே வராத வாத்தியத்தில் தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜான் தாம்சன் புத்தகத்தில் சுரத்துக்கு மேல் அச்சிட்டிருந்த விரல் எண்கள் அப்பாவுக்குக் கைகொடுத்தன. கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. அடிஸ்கேலால் மேஜையில் தட்டிக்கொண்டே எண்களைச் சொல்லுவார். ஸி மேஜர் ஸ்கேல் வந்ததும்தான் தடுமாறினார். வலது கையில் ஒன்று, இரண்டு, மூன்று ஆனதும் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் புகுந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். டைப்பில் கட்டைவிரலுக்கு ஸ்பேஸ் பாரைத் தவிர வேறு வேலையில்லை. “அதுக்கு இம்புட்டு சோலியா மக்ளே?” என்று தன் கட்டைவிரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஐந்தாம் விரல் எழும்பவே இல்லை என்று டீச்சர் சொன்னார். அன்று இரவு கடைசி பேட்ச் போனபிறகு அப்பா என்னை மிஷின் முன்னால் உட்காரவைத்து ‘ஏ எஸ் டி எஃப்’ அடிக்கச் சொன்னார். தாளை உருவி டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தார். வரி முழுக்க ‘ஏ’ மட்டும் வெளுத்துக் கிடந்தது. காதுக்கு எட்டாததைக் கண் பிடித்துவிட்டது. அவருக்கு ஒரே குஷி.

டீச்சருக்கு விஷயம் தெரிந்ததும் கோபம். “மிஷின தட்டணும் சார், பியானோவ அழுத்தணும். பிள்ளைக்கக் கை கெட்டுப்போவும்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. எப்படித் தட்டினாலும், வெளுப்போ அடர்த்தியோ, மிஷினில் விழுவது அதே எழுத்து. பியானோவிலோ கட்டை இறங்குகிற வேகம்தான் சுத்தியலின் வேகத்தைத் தீர்மானிக்கும், ஒலியின் பருமனையும். அப்பா எதிர்வாதம் செய்யவில்லை. மறுநாள் என் அட்டையின் மேல் ஒரு வெள்ளைத்தாள், அதன்மேல் கார்பன். மெல்ல அழுத்தி எடுத்தால் ஐந்து விரலுக்கும் ஐந்து நீலப் பொட்டு. சுண்டுவிரல் பொட்டு மற்றதைப்போல அடர்த்தியாகும் வரைக்கும் தாள்கள் மாறிக்கொண்டே இருந்தன. டீச்சரிடம் இதைச் சொல்லவேண்டாம் என்று எனக்கு உத்தரவு.

பிறகு கடைகளில் சின்ன எலக்ட்ரானிக் கீபோர்டுகள் வந்தன. அம்மா நச்சரித்ததில் ஒருநாள் மூன்று பேருமாகப் போனோம். நூறு விதச் சத்தம் வரும் என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினார். வயலின், புல்லாங்குழல், மணி. நான் வாயைப் பிளந்து நின்றேன். அப்பா இஞ்ச் டேப்பை எடுத்தார்.

“எல்லாம் சரிதான் தம்பி, ஆறரை இல்லியே” என்றார்.