எட்டுக் கிலோவுக்குள் மிளகு

செப்டம்பர் 2
மிளகுக்கு இன்று சிப் வைத்தாயிற்று. அரிசிமணி அளவுதான். பிடரித் தோலைத் தூக்கி ஊசியால் உள்ளே இறக்கினார் டாக்டர். மழையில் நனைந்து மோட்டார் அறைக்குள் ஒண்டிக்கிடந்த பூனைக்குட்டிக்கு இன்றைக்குப் பதினைந்து இலக்கத்தில் ஒரு எண்.

ஜூன் மாதமே ரேபிஸ் ஊசி போட்டாச்சே என்றேன். "அது செல்லாதுங்க. சிப்புக்கு முந்திப் போட்ட ஊசி எந்தப் பூனைக்குப் போட்டதுன்னு ஐரோப்பாக்காரங்களுக்கு எப்படித் தெரியும்?" நியாயம்தான். மறுபடி ஊசி. முப்பது நாள் கழித்து ரத்தம் எடுக்கணும். எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கணும். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகிற பூனை, நாய்க்கெல்லாம் இதுதான் கணக்கு. என் கணவர் அடுத்த மாதம் ஃபிராங்க்ஃபர்ட் போய்விடுவார். நானும் இவளும் ஜனவரியில்.

அம்மா போனில் சொன்னாள்: "பூனை குறுக்கே போனாலே செம்புத் தண்ணி குடிச்சு உக்காந்துட்டுக் கிளம்புவோம். நீ பூனையைத் தூக்கிக்கிட்டே கிளம்புறியாக்கும்."

அக்டோபர் 5
முன்னங்கால் மயிரைச் சிரைத்து ரத்தம் எடுத்தார்கள். சீரம், ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகம் ஒன்றுக்குப் போகிறது. மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது எதிர்ப்புப் பொருள் இருந்தால் பாஸ். வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்கு மேல் ஏறியவள் ராத்திரிவரை இறங்கவில்லை.

நவம்பர் 11
பாஸ். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிக் குதித்ததில்லை.

டிசம்பர் 14
பூனையும் பையும் சேர்த்து எட்டுக் கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது விமான நிறுவனம். தாண்டினால் சரக்கறை. பழைய பேப்பர் கடைத் தராசின் கொக்கியில் பையை மாட்டினேன். உள்ளே இருந்தவள் வலைத்துணியில் மூக்கை அழுத்திக்கொண்டு மெல்லச் சுழன்றாள். 8 கிலோ 400. கடைக்கார அண்ணன் முள்ளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பர்னா குறைச்சுச் சொல்லுவேன், இதுக்கு என்னம்மா பண்றது?" என்றார்.

கம்பி வைத்த பையைத் தள்ளிவிட்டு மெத்தென்ற துணிப்பை வாங்கணும். மதியச் சங்கரா மீனும் இன்றோடு ரத்து. லண்டனில் இருக்கும் சிநேகிதி, நீ பரவாயில்லை என்கிறாள். பிரிட்டனுக்குள் பறக்கிற பூனைகள் மடிக்குப் பக்கத்தில் வர முடியாது. சரக்காகத்தான் போய்ச் சேரணும்.

ஜனவரி 17
பள்ளிக்கரணை, மத்திய அரசின் விலங்குத் தடைகாப்பு அலுவலகம். ஊசிச் சான்று, ரத்த முடிவு, டிக்கெட், என் பாஸ்போர்ட், எல்லாவற்றிலும் ஒரு நகல். அதிகாரி ஸ்கேனரைப் பிடரியில் வைத்து, திரையில் வந்த எண்ணைக் காகிதத்தோடு ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தார். அவர் தந்த சுகாதாரச் சான்றுக்குப் பத்து நாள்தான் உயிர். அதற்குள் ஐரோப்பிய மண்ணில் கால் வைத்தாகணும். திரும்பும்போது சதுப்பு நிலத்துப் பறவைகளைப் பார்த்து ஆட்டோவுக்குள்ளிருந்து பல்லைக் கிடுகிடுத்தாள்.

தூக்க மாத்திரை கேட்டதற்கு டாக்டர் தரவில்லை. மேலே பறக்கும்போது ரத்த அழுத்தமும் மூச்சும் இறங்கிவிட்டால் யார் பார்ப்பது என்றார்.

ஜனவரி 21, இரவு
எட்டு மணிக்கு மண்தட்டில் ஒன்றுக்குப் போனாள். அதுதான் கடைசி.

நான் நாலு மாதமாகப் பயந்தது விமானத்துக்கு. பயப்பட வேண்டியிருந்தது பாதுகாப்புச் சோதனைக்கு. பை எக்ஸ்ரேக்குள் போகும், பூனை போகக்கூடாது. வெளியே எடுத்து, கையில் பிடித்துக்கொண்டு மெட்டல் டிடெக்டரைத் தாண்டணும். பின்னால் டிரேக்கள் தடதடவென்று விழுந்தபடி இருந்தன. மிளகின் இடுப்புவாரை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி அவளை எடுத்தேன். நகம் சுடிதாரைத் துளைத்துத் தோளில் இறங்கியது. அவள் இதயம் என் கழுத்தில் அடித்தது. திரைக்குப் பின்னால் சோதித்த பெண் காவலர், "பில்லி!" என்று இந்தியில் சொல்லிச் சிரித்து ஒரு விரலால் நெற்றியைத் தடவினார். மிளகு கண்ணை மூடிக்கொண்டாள். பையைத் திறந்ததும் தானாகவே உள்ளே பாய்ந்தாள். வீட்டில் அதற்குள் தள்ள அரை மணி நேரம் போராடியிருக்கிறேன்.

ஜனவரி 22, ஃபிராங்க்ஃபர்ட்
முன் இருக்கைக்கு அடியில் பை, அதன் மேல் என் கால். பத்து மணி நேரத்தில் அழுதது அவளில்லை, பதினோராவது வரிசைக் குழந்தை. நான்தான் அடிக்கடி குனிந்து வலைக்குள் விரலை விட்டு, மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் சுங்கத்தின் சிவப்பு வழி. காகிதக் கட்டை நீட்டினேன். மறுபடி ஸ்கேனர், மறுபடி அந்தப் பதினைந்து இலக்க எண். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலு மாதத்துக்கு ஐந்து நிமிடமா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

வெளியே பனி. காரில் அவர், "இளைச்சுட்டாளே" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் குளியலறையில் மண்தட்டு தயாராக இருந்தது. மண் வேறு, வாசனை வேறு. சுற்றிச் சுற்றி முகர்ந்தாள், ஏறினாள், இறங்கினாள், கதவுப் பக்கம் பார்த்தாள். நானும் அவரும் மூச்சுவிடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒரு மூலையைத் தோண்டி உட்கார்ந்தாள். பதினெட்டு மணி நேரத்துச் சேமிப்பு. முடிகிறவரை எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டே இருந்தாள்.