அத்தையின் வேப்பம்பூக் கணக்கு

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31-ஆம் தேதி இரவு படிக்கொரு திருப்புகழ் பாடிக் கொண்டே ஏறுகிற பக்தர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்ல. ஆட்டோவில் மலையைச் சுற்றி ஏறி, "முருகா, அடுத்த தடவை நடந்து வருகிறேன்" என்று வாய்தா வாங்கிக் கொண்டு இறங்கி விடுகிற ரகம்.

சென்ற பங்குனியில் அந்த வாய்தா பலிக்கவில்லை. அத்தையுடன் போயிருந்தேன். அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. கண் பார்வை கொஞ்சம் மங்கல். ஆனால் கால்கள் மங்கவில்லை. பாதி வழியில் நான் மூச்சு வாங்கி உட்கார்ந்து விட்டேன். அத்தையோ நின்றபடியே ஊர்க்கதை பேசிக் கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் நம்ம வாசல் வேம்பு சீக்கிரமே பூத்துடுச்சு, தெரியுமா?"

"அதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கிறது, அத்தை?"

"ஞாபகம் எதுக்கு? எழுதி வெச்சிருக்கேனே!"

வீட்டுக்குத் திரும்பியதும் காட்டினாள். சமையலறைச் சுவரில், ரசீது குத்தி வைக்கும் கம்பி ஒன்று. அதில் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள், வருஷத்துக்கு ஒன்றாக. ஒவ்வொன்றிலும் பென்சிலால் 'வேப்பம்பூ' என்று எழுதியிருந்தது. மரத்தில் முதல் பூவைப் பார்த்த நாளின் தாள் அது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எழுதுகிறாளாம். நடுவில் சில வருஷங்கள் இல்லை. ஒரு வருஷம் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். சில தாள்களை எலி தின்று விட்டது.

"இது எதற்கு, அத்தை?"

"எதுக்கா? வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் பூ வேணாமா? சீக்கிரம் பூத்தா உலர்த்தி எடுத்து வைக்கணும். தாமதமானா நாலு வீட்டிலே கேட்கணும். முன்னே பின்னே பார்த்து வெச்சுக்கிட்டா நல்லதுதானே?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. மலைச் செடிகளைப் பற்றி எழுதுவதற்காக அந்த வாரம் முழுவதும் நான் புத்தகங்களைப் புரட்டிக் கொண்டிருந்தேன். பெரிய பெரிய விஞ்ஞானிகள் செய்வதும் அத்தை செய்வதும் ஒரே காரியமல்லவா!

ஐரோப்பாவில் 302 மலைச் சிகரங்களை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உச்சிகளில் செடி வகைகள் பெருகி வருகின்றன. உலகம் சூடாகச் சூடாக அந்தப் பெருக்கம் வேகமாகிறது என்பது அந்த முடிவு. இது எப்படித் தெரிந்தது? 145 ஆண்டுக் காலக் குறிப்புகள் கிடைத்ததால்தான். எந்தக் காலத்திலோ ஒருவர் ஒரு சிகரத்தில் ஏறி, "இங்கே இன்ன செடி இருக்கிறது" என்று எழுதி வைத்தார். உலகம் சூடேறப் போகிறது என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவருடைய பேரன் காலத்து ஆசாமி அதே இடத்துக்குப் போய் மறுபடி எண்ணிப் பார்த்தார். அவ்வளவுதான்.

செடிகள் ஏன் மேலே ஏற வேண்டும்? ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குளிர்ச்சி. கீழே வெப்பம் கூடினால், பழகிய குளிர்ச்சி மேலேதான் கிடைக்கும். காற்றும் பறவையும் விதையைக் கொண்டு போகின்றன. மேலே விழுந்தது பிழைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 365-வது படியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அதற்கு மேல் படி இல்லை. நாம் தரிசனம் முடிந்து இறங்கி விடுகிறோம். உச்சியிலேயே வாழ்கிற செடி எங்கே போகும்?

நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் உச்சியில் இருப்பவை புல்வெளிகளும் சோலைக் காடுகளும். கீழே வெப்பக் கடல் சூழ்ந்திருக்க, குளிர்ந்து நிற்கும் இந்த உச்சிகளை 'வானத் தீவுகள்' என்கிறார்கள். அங்கே கவலை வெயிலால் மட்டும் அல்ல. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய் விட்டது என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சீகை, தைல மரம், பைன் என்று நாம் வளர்த்த மரங்களும் விவசாயமும் விழுங்கியவை அவை. பழைய செயற்கைக் கோள் படங்களைப் புதியவற்றோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். இங்கும் பழைய கணக்குத்தான் உதவியது.

அந்தப் புல்வெளியை நம்பியிருக்கும் பிராணி நமது மாநில விலங்கான வரையாடு. 1975-இல் இ. ஆர். சி. டேவிதார் என்ற வழக்கறிஞர் அதைத் தேடி மலை மலையாக ஏறிக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஆம் தேதி வரையாடு தினமாகிறது. தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024-இல் 1,031 ஆடுகளும், 2025-இல் 1,303 ஆடுகளும் தெரிய வந்தன. சந்தோஷமான சேதிதான். ஆனால் இரண்டாம் தடவை இன்னும் அதிக இடங்களில் தேடினார்கள் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

இந்த நியாயம் அத்தைக்கும் தெரிந்திருந்தது. கம்பியின் கடைசித் தாளைப் பார்த்தேன். அதில் மட்டும் 'வேப்பம்பூ விழுந்தது' என்று இருந்தது.

"இதென்ன, அத்தை?"

"கண்தான் சரியாத் தெரியல்லையே! மேலே பூத்ததை நான் பார்க்கல்லே. கோலம் போடறப்போ வாசல்லே உதிர்ந்து கிடந்தது. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதலாமா?"

நான் பதில் பேசவில்லை. பத்திரிகைத் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறேன். இவ்வளவு நேர்மையாக நான் ஒரு வரி எழுதியிருப்பேனா என்று சந்தேகம் வந்து விட்டது.

ஒரு மரத்தின் கணக்கை வைத்துக் கொண்டு உலகம் சூடேறுகிறது என்று சொல்லி விட முடியாது. ஒரு வருஷம் மழை தவறினாலும் பூ முன்பின்னாக வரும். ஆனால் ஊருக்கு நூறு அத்தைகள் எழுதினால்? ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரிப் பூக்கள் 2021-இல் மார்ச் 26-ஆம் தேதியே முழுதாக மலர்ந்தன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் இவ்வளவு முன்னதாக மலர்ந்ததில்லை என்று சொல்ல முடிந்தது. அந்தக் காலத்து அரண்மனைக்காரர்களும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதி வைத்த பூச் சேதிகள்தான் அதற்குச் சாட்சி.

புறப்படும்போது அத்தை அந்தக் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"வர்ற வருஷம் நீதான் வந்து பார்க்கணும், அம்மாடி. மேல் கிளையிலேதான் முதல்லே பூக்கும்" என்றாள்.

வாசகிகளே, அடுத்த மாசியில் நான் லீவு கேட்டால், எங்கள் ஆசிரியர் காரணம் கேட்பார். வேப்பம்பூ என்று சொல்லத்தான் போகிறேன்.