செல்லாக் காசுகள்

(இரண்டாமாண்டு, இளமறிவியல் - வேதியியல்)

எதற்கும் உதவாதவர் என்று ஒருவரைச் சொல்ல நினைத்தால், "அவர் ஒரு செல்லாக் காசு" என்று சொல்லிவிடுகிறோம். அத்தகைய செல்லாக் காசுகள் 192உடன் சென்ற கோடை விடுமுறையில் இருபது நாட்கள் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த அனுபவத்தை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அவை என் அப்பாயியின் தாயார், நாற்று நட்டும் களையெடுத்தும் பெற்ற கூலியில் மிச்சம் பிடித்து ஒரு மண்கலயத்தில் சேர்த்தவை. அத்தனையும் காலணாக் காசுகள். பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற அந்தக் காலக் கணக்கில் 64 காலணா ஒரு ரூபாய். ஆக, கலயத்தில் இருந்தது சரியாக மூன்று ரூபாய்!

பழைய காசு ஒன்றுக்கு லட்சக் கணக்கில் விலை தருவதாகக் கைபேசியில் வந்த விளம்பரத்தை மாமா காட்டியதும் வீட்டில் கலயத்தின் மதிப்பு உயர்ந்துவிட்டது. அப்பாவுக்கு அடைக்க வேண்டிய வட்டிக் கடன் ஒன்று இருந்தது. பழைய பித்தளை, செம்பு வாங்குபவரோ எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். லட்சமா, எடையா? பிரித்துப் பார்த்தால்தானே தெரியும்!

அம்மா புளியும் சாம்பலும் கொண்டுவந்தார். நான் தடுத்தேன். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செப்பு ஆக்சைடைக் கரைத்துவிடும். காசு பளபளக்கும், ஆனால் அந்தப் பழுப்பு நிறப் படலமே உள்ளே இருக்கும் உலோகத்துக்குக் கவசம். கவசம் போனால் எழுத்தும் தேயும், காசும் மீண்டும் கறுக்கும். பச்சைத் தூள் உதிர்ந்த ஏழு காசுகளை மட்டும் தனியே ஒதுக்கினேன். அது குளோரைடின் வேலை. ஈரம் பட்டால் தொடர்ந்து அரிக்கும்.

முதலில் முகம் பார்த்துப் பிரித்தேன். விக்டோரியா 9, ஏழாம் எட்வர்டு 14, ஐந்தாம் ஜார்ஜ் 71, ஆறாம் ஜார்ஜ் 11. அடுத்து, முகமே இல்லாமல் கிரீடம் மட்டும் கொண்ட ஓட்டைக் காலணா 68. கடைசியாக, 1950இல் வெளிவந்த, ஒருபுறம் சிங்கத் தூணும் மறுபுறம் பாயும் குதிரையும் கொண்ட காசு 19.

பிறகு எங்கள் துறைத் தராசில் ஆசிரியரின் அனுமதியுடன் நிறுத்துப் பார்த்தேன். 1906ஆம் ஆண்டில் காலணா செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறியது. எடை, ஆறரை கிராம் அளவிலிருந்து ஐந்து கிராமுக்கும் கீழே இறங்கியது. ஒரே எட்வர்டு முகத்தின் கீழ் இரண்டு எடைகள்! இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது, 1943இல் நடுவில் துளையிட்ட காசு பிறந்தது. அதன் எடை ஏறத்தாழ இரண்டு கிராம்தான்.

ஓட்டைக் காசு ஏன் இத்தனை? காசில் உள்ள ஆண்டு அது அச்சான காலத்தைச் சொல்லும். சேர்த்த காலத்தைச் சொல்லாது. அதைச் சொன்னவர் அப்பாயி. ஆங்கில எழுத்தை அறியாதவர். ஆனால் விரலால் தடவியே இது தாடி ராஜா, இது குதிரை என்று பிரித்துக் கொடுத்தார். "நான் பொறந்தது சண்டை முடிஞ்ச வருசம் கண்ணு. பொட்டப்புள்ள பொறந்துடுச்சுன்னு எங்க ஆத்தா வவுத்தக் கட்டிச் சேத்தா" என்றார். ரேஷன் அரிசிக் காலத்தில்தான் கலயம் அதிகம் நிறைந்திருக்கிறது!

கலயத்தில் நயா பைசா ஒன்றுகூட இல்லை. 1957 ஏப்ரல் 1இல் புதிய நாணயம் வந்தது. அதற்கு முந்தின வருடமே அந்தத் தாயார் காலமாகிவிட்டார். பழைய காசும் புதியதும் சேர்ந்தே புழங்கிய நாட்களில் உறவினர்கள் மாற்றிவிடலாம் என்றார்களாம். பதினொரு வயதுச் சிறுமி கலயத்தை யாரையும் தொடவிடவில்லை.

அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன். இவற்றில் லட்சம் தரும் காசு எதுவும் இல்லை. பழைய நாணய விற்பனை என்ற பெயரில் நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. அப்பா நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "எடைக்கு வேண்டாம், அது உன் அப்பாயியோட பொருள்" என்று மட்டும் சொன்னார். கடன் இன்னும் இருக்கிறது.

ஒவ்வொரு காசும் இப்போது ஒரு வெள்ளைக் காகித உறையில் இருக்கிறது. உறையின் மேல் விவரத்தை முதலில் எழுதி, பிறகே காசை இட்டேன். பி.வி.சி. உறையைத் தவிர்த்தேன்; அது நாளடைவில் அமிலத்தை வெளியிட்டுச் செம்பைக் கெடுக்கும். தகர டப்பாவுக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்கள். பச்சை படிந்த ஏழும் வேறு டப்பாவில்.

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கலயம் இருக்கலாம். கைவியர்வையின் உப்பு படாமல் காசை விளிம்பில் பிடித்துப் பாருங்கள். புளியை அடுக்களையிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். காசில் அச்சாகாத ஆண்டுகளை அவர்தான் சொல்ல முடியும்.