கையே கண்ணாக

நோயுற்ற கோழி தன் நோயை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. பருந்துக்கும் கீரிக்கும் இரையாகும் உயிர்களுக்கு வாய்த்த இயல்பு இது. கூட்டத்தில் தளர்ந்து நிற்கும் ஒன்றே பகையின் கண்ணில் முதலில் படும். அதனால், நலிவுற்ற கோழியும் இயன்றவரை மற்றவற்றோடு சேர்ந்தே நடக்கும். இரையைக் கொத்துவதுபோல் தலையைத் தாழ்த்தி நிமிர்த்தும். இறகைச் சிலிர்த்து, கழுத்தைச் சுருக்கி அது ஒரு மூலையில் ஒதுங்கும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். ஆகவே, நாள்தோறும் அதைப் பார்த்துப் பழகிய கண்ணே கோழி மருத்துவத்தின் முதல் கருவி.

சிவகங்கைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவருக்கு அத்தகைய கண் வாய்த்திருந்தது. விடியலில் அவர் கூட்டைத் திறந்து, தீனியைத் தூவிவிட்டுச் சற்றுநேரம் அசையாமல் நிற்பார். எது கடைசியாக வெளியே வந்தது, எது தீனிக்கு ஓடவில்லை, எதன் கொண்டை வெளிறியிருக்கிறது, இரவில் இட்ட எச்சத்தின் நிறம் என்ன என்பவற்றையெல்லாம் அந்தச் சிறுபொழுதில் பார்த்துவிடுவார். பதினொன்றாம் வகுப்பில் பயிலும் பேத்தி, “கோழி திங்கிறதப் போயி இப்படிப் பாக்குறீங்களே, அப்பத்தா” என்று சிரிப்பாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில், அந்தக் கண் செவலைக்கோழியிடம் நின்றது. அது சிறுவிடை இனத்தைச் சேர்ந்தது; இருபத்தொரு நாள் அடைகாத்துப் பொரித்த எட்டுக் குஞ்சுகளோடு இரண்டு வாரமாக முற்றத்தில் திரிந்துவந்தது. அன்றும் தீனியைக் கண்டதும் கொக்கரித்துக் குஞ்சுகளை அழைத்தது. ஆனால், அவை தின்னத் தொடங்கிய பின்னரும் தான் ஒரு மணியையும் எடுக்கவில்லை. மூதாட்டி அதைப் பிடித்து மடியில் வைத்துப் பார்த்தார். கொண்டையிலும் கண்ணிமையிலும் கம்புமணி அளவில் சிறு கொப்புளங்கள் அரும்பியிருந்தன.

அது கோழி அம்மை. மனிதருக்கு வரும் சின்னம்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் உண்டாக்கும் நச்சுயிரிகள் வெவ்வேறு குடும்பத்தவை. மழைக்குப்பின் பெருகும் கொசுக்கள் இந்நோயைக் கோழிக்குக் கோழி கொண்டுசெல்கின்றன. கொப்புளம் காய்ந்து உதிரும் பொருக்கிலும் நச்சுயிரி பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும்.

கால்நடை மருந்தகத்து மருத்துவர் கோழியின் வாயைத் திறந்து தொண்டையைப் பார்த்தார். உள்ளே வெண்படலம் இல்லை என்பதை அறிந்ததும் அவர் முகம் தெளிந்தது. தொண்டையில் அம்மை கண்டால் மூச்சடைத்துக் கோழி இறந்துவிடக்கூடும். இந்நோயைக் கொல்லும் மருந்து இல்லை என்றும், வேறு கிருமிகள் புண்ணில் சேராமல் காத்து, உணவும் நீரும் தவறாமல் கொடுத்துவந்தால் கோழி தானே தேறும் என்றும் அவர் விளக்கினார். நோய் தீண்டாத மற்றக் கோழிகளுக்குச் சிறகின் தோலில் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் தாயும் குஞ்சுகளும் பிரிக்கப்பட்டன. செவலை திண்ணையோரத்தில் ஒரு பஞ்சாரத்துக்குள் அடைக்கப்பட்டது. குஞ்சுகளை நெல் உமி பரப்பிய அட்டைப்பெட்டியில் விட்டு, வெதுவெதுப்புக்காக மேலே ஒரு மின்விளக்கைத் தொங்கவிட்டனர். அன்றிரவு முழுவதும் குஞ்சுகள் கீச்சிட்டன. பஞ்சாரத்துக்குள்ளிருந்து தாய் மறுகுரல் கொடுத்துக்கொண்டிருந்தது. சேர்த்து விட்டுவிடலாம் என்று பேத்தி இருமுறை எழுந்து வந்தாள். மூதாட்டி இசையவில்லை.

மறுநாள், இருசக்கர வண்டியில் கூண்டு கட்டி ஊர் ஊராய்க் கோழி வாங்கும் வியாபாரி வந்தார். பஞ்சாரத்தை எட்டிப் பார்த்தவர், “செத்தா ஒண்ணுமில்ல ஆத்தா, பாதி வெலைக்குக் குடுத்துருங்க” என்றார். அந்த வீட்டில் கோழிக்காசு மூதாட்டியின் சொந்தக் காசு. பேத்தியின் குறிப்பேடுகளும் திருவிழாச் செலவும் அதிலிருந்தே வந்தன. அந்தப் பாதி விலையும் அவருக்குச் சிறு தொகையன்று. எனினும் அவர், “சீக்க வித்துக் காசு பாக்கச் சொல்றியாப்பா? இங்கருந்து போயி இன்னொருத்தி கூட்டுலதான அது எறங்கும்” என்றார். வியாபாரி மறுமொழியின்றி வண்டியைக் கிளப்பினார்.

நான்காம் நாள் கோழியின் இரு கண்களும் கொப்புளங்களால் மூடிக்கொண்டன. கோழி கண்ணால் கண்டு கொத்தும் பறவை. பார்வை மறைந்தால் தீனிக்கு நடுவில் நின்றும் பட்டினி கிடக்கும். அம்மையில் இறக்கும் கோழிகளுள் பல இவ்வாறு பசியாலும் தாகத்தாலும் இறப்பவையே. அன்று முதல் ஊட்டும் பணி பேத்தியுடையதாயிற்று.

அப்பணியின் நுட்பங்களை மூதாட்டி ஒவ்வொன்றாகக் கற்பித்தார். கேழ்வரகுக் களியைச் சுண்டைக்காய் அளவில் உருட்டி அலகைத் திறந்து வைக்கவேண்டும். விழுங்கிய பிறகே அடுத்த உருண்டை. தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்றிவிடலாகாது. கோழியின் நாக்கின் அடியில்தான் மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. விரைந்து ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச்சொட்டாக விட்டால் அது தானே நிமிர்ந்து விழுங்கிக்கொள்ளும். மாலையில் கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பை நிறைந்திருக்கவேண்டும். விடியலில் அது வெறுமையாகியிருந்தால் செரிமானம் நடக்கிறது என்று பொருள். காய்ச்சலைத் தொட்டுப் பார்த்து அறிய இயலாது. நலமாக உள்ள கோழியின் உடலே ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் வெப்பமுடையது.

கொதித்தாறிய உப்புநீரில் துணியை நனைத்துக் கண்களைத் துடைத்தனர். பொருக்கைப் பிய்க்காமல், உதிர்ந்தவற்றைத் திரட்டி எரித்தனர். அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் கண்ணில் படாமல் கொண்டையில் தடவப்பட்டன. மாலைதோறும் பஞ்சாரத்தின்மேல் ஒரு பழைய கொசுவலை விரிந்தது. அம்மை கண்ட பிள்ளையின் தலைமாட்டில் வைப்பதுபோல், அதன்மேல் ஒரு வேப்பங்கொத்தையும் மூதாட்டி செருகி வைத்தார்.

ஒருநாள் ஊட்டும்போது கோழி உதறியதில் களி முழுவதும் தரையில் சிந்தியது. தேர்வு நெருங்கிய வேளை. பேத்திக்குச் சினம் வந்தது. “ஒரு கோழிக்கா அப்பத்தா இத்தன பாடு?” என்றாள். மூதாட்டி கீழே கிடந்த உருண்டைகளை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்றை உருட்டி அவள் கையில் வைத்தார். “கண்ணு தெரியாத சீவனுக்குக் கைதான் கண்ணு, தாயி. ஒங்கையி எங்க இருக்குன்னு அதுக்கு மொதல்ல தெரியட்டும்.”

பேத்தி அன்று உருண்டையை உடனே ஊட்டவில்லை. கோழியின் முதுகில் கையை வைத்துச் சற்றுநேரம் காத்திருந்தாள். பின்பு உருண்டையால் அலகின் ஓரத்தை மெல்லத் தொட்டாள். சிறிது தயங்கிய கோழி, தானே வாய் திறந்தது. அதற்குப் பிறகு அவள் காலடி கேட்டதும் அது கழுத்தை நீட்டத் தொடங்கியது.

எல்லா உயிர்களையும் காக்க அந்த வீட்டாரால் இயலவில்லை. தாயைப் பிரிப்பதற்கு முன்பே நோய் தொற்றியிருந்த குஞ்சுகளுள் ஒன்று இறந்தது. அதைக் கொல்லையில் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தனர். மூன்றாம் வாரம் செவலையின் வலக்கண் பொருக்கு உதிர்ந்து, கண் திறந்தது. சில நாளில் இடக்கண்ணும் திறந்தது. ஆனால், அதன்மேல் வெண்படலம் படர்ந்திருந்தது. அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை.

பொருக்குகள் யாவும் உதிர்ந்தபின் பஞ்சாரம் தூக்கப்பட்டது. தாயும் குஞ்சுகளும் சேரும் காட்சியைக் காணப் பேத்தி ஆவலோடு நின்றாள். அதற்குள் குஞ்சுகள் வளர்ந்து இறகு முளைத்திருந்தன. தாய்க்கு அவை அயலாகிவிட்டன. அருகே ஓடிவந்த ஒன்றைச் செவலை கொத்தி விரட்டியது. பேத்தியின் முகம் வாடியது. மூதாட்டியோ, விரட்ட ஓடிய அந்தக் கால்களில் தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பங்குனியில் செவலை மீண்டும் முட்டையிட்டது. பார்வையற்ற இடப்பக்கத்தில் விழும் தீனியை அது தவறவிடுவதைப் பேத்திதான் முதலில் கண்டாள். அதுமுதல், அதற்குரிய கைப்பிடியை அவள் வலப்பக்கமாகவே தூவினாள்.