ஐந்து நாள் வெயில்

போன வருஷம் ஐப்பசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தி போன் செய்தாள். குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"ஏல, பெங்களூர்ல இருந்து ஒரு பிள்ள பேசுச்சு. உப்பு நார்த்தங்கா போட்டுச்சாம், ஜாடி பூரா பூசணம் பூத்துட்டாம். அஞ்சு நாள் வெயில் போதும்னு நீங்கதான சொன்னீங்கன்னு கேக்கு. நான் எப்பல அப்படிச் சொன்னேன்?"

சித்தி அப்படிச் சொல்லவில்லை. அவளை அப்படிச் சொல்ல வைத்தது நான்.

சித்தி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஊறுகாய், வற்றல், வடகம் பற்றி அவள் நோட்டில் எழுதி வைத்திருந்ததை ஒரு இணையதளமாக்கிக் கொடுத்தேன். நார்த்தங்காய் பற்றிய பக்கம் புறவாசல் மரத்தில் தொடங்கும். பிறகு மாமியாரின் ஜாடி வரும். காயைச் சுருளாக நறுக்கி உப்பு அடைக்கும் இடம் வருவதற்குள் பாதிப் பக்கம் ஓடியிருக்கும். வெயிலுக்கு வர இன்னும் நேரமாகும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. "தேடி வர்றவங்களுக்கு அவசரம் சித்தி. கேட்டதுக்குப் பதில் முதல் வரியில இருக்கணும்" என்றேன். எத்தனை நாள் காய வைக்க வேண்டும் என்ற கேள்வியையே பக்கத்தின் உச்சியில் தலைப்பாக வைத்தேன். அதன் கீழே ஒரே வரி: ஐந்து நாள் நல்ல வெயில் போதும். மழை, பனி, ராத்திரி ஜாடியின் உப்புத் தண்ணீரில் திரும்பப் போடுவது, தண்ணீர் வற்றும்வரை விடாமல் காய வைப்பது எல்லாம் அடுத்த பத்திக்குப் போயின.

சில வாரங்களில் அந்த ஒரு வரி தேடல் முடிவுகளுக்கெல்லாம் மேலே ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. அடுத்த பத்தி அதில் இல்லை. நான் அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இந்தத் தொழிலில் எனக்கு முதலில் கற்றுக்கொடுக்கப்பட்டதே முன்னோட்டம்தான். 2010இல் பொறியியல் முடித்துச் சென்னையில் ஒரு சின்ன வலை வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். அந்த நவம்பரில் கூகுள் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. தேடல் முடிவின் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடிக் குறி இருக்கும். அதைச் சொடுக்கினால் உள்ளே போகாமலேயே அந்தப் பக்கம் முழுவதும் குட்டிப் படமாகத் தெரியும். கடைக்குள் நுழையாமல் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது போல.

வாடிக்கையாளர்கள் பதறிப்போனார்கள். ஃபிளாஷில் ஆடிப் பாடும் முகப்புக்காகப் பணம் கொட்டியவர்களுக்கு அந்தப் படத்தில் அது சரியாக விழவில்லை. எங்கள் மேலாளர் ஒரு விதி போட்டார்: பக்கத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கு, அப்பவும் இது என்ன கடைன்னு தெரியணும். வரவேற்புப் பக்கங்களைத் தூக்கினோம். தலைப்பைப் பெரிதாக்கினோம். படத்துக்குள் புதைத்திருந்த எழுத்துகளை வெளியே எடுத்து நிஜ எழுத்தாக்கினோம். உண்மையில் தளங்கள் மேம்பட்டன. 2013இல் கூகுள் அந்த வசதியை எடுத்துவிட்டது. வாசலில் நிற்பவனுக்காக வீட்டைக் கட்டும் பழக்கம் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

படம் போனாலும் துணுக்கு இருந்தது. தலைப்பின் கீழே வரும் இரண்டு வரி. நாம் ஒரு விவரணை எழுதிக் கொடுக்கலாம். பிடித்தால் இயந்திரம் அதைக் காட்டும், இல்லையென்றால் பக்கத்திலிருந்து தானே வெட்டியெடுக்கும். 2017 டிசம்பரில் துணுக்கின் நீளம் சுமார் 160 எழுத்திலிருந்து 320 வரை போனது. ராப்பகலாக எல்லா விவரணைகளையும் நீட்டினோம். 2018 மே மாதம் பழையபடி சுருங்கியது. உட்கார்ந்து எல்லாவற்றையும் வெட்டினோம்.

தமிழில் இது இன்னும் சிக்கல். நம் எழுத்துகள் அகலமானவை, சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் நிற்கிற இடத்தில் நமக்கு ஒன்றரைதான் நிற்கும். நானே எழுதிய ஒரு நிரல் 160இல் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். கணினிக்கு 'க்' என்பது க ஒன்று, புள்ளி ஒன்று. நடுவில் வெட்டு விழுந்தால் புள்ளி உதிர்ந்து வெறும் 'க' நிற்கும். புள்ளி உதிர்ந்தால் சரிசெய்துவிடலாம். அர்த்தம் உதிர்ந்தால்?

துணுக்கே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஜெர்மனியில் ஆக்செல் ஸ்ப்ரிங்கர் என்ற பெரிய பத்திரிகை நிறுவனம் அதைச் செய்து பார்த்தது. எங்கள் எழுத்தைக் காட்டுவதற்குக் காசு கொடு என்று கேட்டது. 2014இல் அதன் சில தளங்களுக்குத் தலைப்பை மட்டும் காட்டித் துணுக்கையும் சிறுபடத்தையும் கூகுள் நிறுத்தியது. இரண்டே வாரம். தேடலிலிருந்து வரும் சொடுக்குகள் ஏறத்தாழ 40 சதவீதமும் கூகுள் நியூஸிலிருந்து வருபவை 80 சதவீதமும் விழுந்ததாக நிறுவனமே அறிவித்து, பின்வாங்கியது.

எங்கள் ஊர்ப் பக்கம் அல்வாக் கடைகளில் ருசி பார்க்க இலைத்துண்டில் கொஞ்சம் வைத்துக் கொடுப்பார்கள். அதை நிறுத்தினால் கடைக்குள் கூட்டம் வராது. அதற்காக அரைக்கிலோ வைத்துக் கொடுத்தால், தின்று கை கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். 2014இல் வந்த பதில் பெட்டி அந்த அரைக்கிலோ. சித்தியின் பக்கத்துக்கு அதுதான் நடந்தது. புள்ளிவிவரத்தைத் திறந்து பார்த்தேன். தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கை பல மடங்கு ஏறியிருந்தது. உள்ளே வந்தவர்கள் முன்பைவிடக் குறைவு.

குறைந்தது என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை. வராதவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? "ஐந்து நாள் நல்ல வெயில் போதும்." அந்த 'நல்ல' என்ற ஒரு சொல் அவ்வளவு பாரத்தையும் எப்படித் தாங்கும்? பெங்களூரின் மேகமூட்டத்தில் அந்தப் பெண் காலண்டரைப் பார்த்து ஐந்து நாள் எண்ணியிருக்கிறாள். அவள் மேல் என்ன தப்பு?

"அவங்க பக்கத்தப் படிச்சாங்களான்னு கேட்டீங்களா சித்தி?"

"கேட்டேன். போன் நம்பருக்காகத்தான் உள்ளயே போனேன் ஆன்ட்டி, பதில் மேலயே இருந்துச்சேன்னு சொல்லுது."

கெட்டுப்போன பிறகுதான் அவள் உள்ளே வந்திருக்கிறாள்.

அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தேன். குறிப்பிட்ட பகுதியைத் துணுக்கில் காட்டாதே என்று சொல்லும் குறிச்சொல் 2019 முதல் இருக்கிறது. பொறியாளன் கை முதலில் அங்கேதான் போனது. ஆனால் மூடி வைத்தால் என்ன ஆகும் என்பது ஜெர்மனியில் பார்த்ததுதான். சித்தியிடமே கேட்டேன். "நீங்க வாயால சொல்லுங்க, நான் அப்படியே அடிக்கேன்."

"வெயில் நல்லா ஏறி, மேகம் போடாம, ராத்திரி உப்புத் தண்ணிக்குள்ள திரும்பப் போட்டு, ஜாடில தண்ணி சொட்டு இல்லாம வத்தினாத்தான் அஞ்சாறு நாள்ல காயும். நாள் கணக்கு இல்லல, வெயில் கணக்கு."

அடித்துக்கொண்டே போனபோதுதான் உறைத்தது. தமிழ் வாக்கியம் நிபந்தனைகளை முதலில் சொல்லி, வினையைக் கடைசியில்தான் வைக்கிறது. 'வற்றினால்தான்' என்பதைத் தாண்டாமல் 'காயும்' என்ற இடத்துக்கு நீங்கள் போக முடியாது. பதிலை முதலில் போடு, 'ஆனால்' எல்லாம் பிறகு என்று தொழிலில் படித்துக்கொண்டு, சித்தியின் வாக்கியத்தைத் தலைகீழாக்கியிருந்தேன். வெட்டுகிறவனுக்கு வசதியாகக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது நான்தான். சித்தியின் வாக்கியத்தை நடுவில் வெட்டினால் பதில் கிடைக்காது. முழுதாக எடுத்தால் எச்சரிக்கையும் கூடவே வரும்.

அப்படியே போட்டேன். கொஞ்ச நாளில் பெட்டி எங்களைவிட்டுப் போய்விட்டது. இப்போது அங்கே வேறொரு தளம் 'ஒரு வாரம்' என்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் செயற்கை நுண்ணறிவு பல தளங்களைக் கலந்து தேடலின் உச்சியில் சுருக்கம் எழுதிக் கொடுக்கிறது. நிபந்தனைகள் அதில் எத்தனை தப்பிப் பிழைக்கும் என்று பயமாகத்தான் இருக்கிறது. அலுவலகத்தில் நான் இன்னமும் பதிலை முதல் வரியில் வைக்கிற வேலையைத்தான் செய்கிறேன். சம்பளம் அதற்குத்தான். ஆனால் இப்போது, முதல் வரியை மட்டும் நம்பி ஒருவர் போனால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டுக்கொண்ட பிறகே வைக்கிறேன்.

சித்தி அந்தப் பெங்களூர்ப் பெண்ணுக்கு ஒரு பாட்டில் நார்த்தங்காயைக் கூரியரில் அனுப்பி வைத்தாள். பாட்டிலோடு ஒரு தாள். அதில் புறவாசல் மரத்திலிருந்து தொடங்கி முழுவதையும் கையாலேயே எழுதியிருந்தாள்.